வாலோடு அளந்த மீன்கள்

என்னங்க, நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

இரண்டு பவளப்பாறைகளில் ஒரே இன மீன்கள் வளரும் வேகத்தை ஒப்பிடுகிறோம் இல்லையா? வடக்குப் பாறை மீன்கள் மடமடவென்று வளர்வதாகக் கணக்கு வந்ததும் எங்கள் ஆய்வுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் குட்டை உடைத்தேன். அங்கே போன முறை வால் பிளவுவரை அளந்தவர்கள், இந்த முறை வால் நுனிவரை அளந்திருக்கிறார்கள். "வாலு என் காலை வாரிடுச்சேம்மா!" என்றார் தலைவர். இனி அளவெல்லாம் என் பொறுப்பு.

நான் கிளம்பிய பிறகு பாப்பா நான்கு விரல் வளர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டுவிடும் கோபுரக் கொண்டையோடு அளந்தீர்களா? அவிழ்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

படகுக்காரர் கத்துகிறார், ஓடுகிறேன். அவிழ்த்த பிறகும் நான்கு விரல்தான் என்றால், கொண்டையோடு அளந்ததாகவே எழுதிவிடுங்கள்.

உங்கள்
பாப்பாவின் அம்மா