மெலிசாவின் மகன் இன்னும் இங்கேதான்

ஸ்காபரோ

அன்புள்ள மகன் சுலக்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோவு, எனக்கு வயிற்றெரிச்சல், மற்றபடி இருவரும் சுகம். மானிப்பாயில் சித்தப்பா வீட்டில் நீயும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். எரிச்சல் யார் மேலென்றால் எதிர்வீட்டு மெலிசா மேல்தான். உனக்கும் அவள் மகன் கிளிபோட்டுக்கும் ஒரே அடிதடி வழக்கு, ஒரே மாதத்தில் நாடுகடத்தும் உத்தரவு. எங்கள் நாடு இரண்டு வாரத்தில் பயணக் கடிதம் கொடுத்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டது. அவர்கள் நாடோ அவனைத் தன் ஆளென்றே ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவன் இன்னும் தாய் கையால் சாப்பிடுகிறான். லிப்டில் அவன் "ஹாய் அன்ரி" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ரேடியோவில், தன் ஆட்களைத் திருப்பி எடுக்காத நாடுகளுக்கு உதவிப் பணத்தை நிறுத்த வேண்டுமென்று ஒருவர் பேசினார். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அப்பா, "உதில என்னப்பா சந்தோசம், அந்தக் காசில அங்க எத்தினை பிள்ளையள் மருந்து குடிக்குதுகளோ" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். மெலிசாவும் ஒருநாள் மகனை அனுப்பிவிட்டு எயார்போட்டிலிருந்து தனியாகத் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன்.

நேற்று மெலிசா அழுதுகொண்டு வந்தாள். உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் அவர்கள் நாடு இப்போது ஆட்களை ஏற்கத் தொடங்கியிருக்கிறதாம். குடிவரவு ஒபிசர் கிளிபோட்டின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டிருக்கிறாள். கொடுத்தால் மகனுக்கு நல்லதா என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். கொடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது ராசா. சொல்லவில்லை. நான் கொடுத்த கதையைச் சொன்னேன்.

அது உனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நீ தடுப்பில் இருந்தபோது ஒபிசர் என்னிடமும் உன் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டாள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் நகையைக்கூட விட்டுவிட்டு நெஞ்சோடு சுமந்த பத்திரம். அது கசங்காமல் இருப்பதைப் பார்த்தால் ஒழுங்கான குடும்பமென்று உன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் பயணக் கடிதம் எடுத்து உன்னை அனுப்பினார்கள். போனில் நீ லோயரைத் திட்டும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்தேன். மெலிசா என்ன செய்வாளோ தெரியாது. இப்போதும் அவள் மேல் பொறாமைதான். கொடுக்கமுன் கேட்பதற்கு அவளுக்கு ஒருத்தி இருந்தாள்.

என்னோடு கோபி, ஆனால் சாப்பாட்டோடு கோபிக்காதே. முருகன் உன்னைக் காப்பான். வெள்ளிக்கிழமை போன் எடுப்பேன். பேச மனமில்லாவிட்டால் இரண்டு தரம் அடிக்கவிட்டு வெட்டிவிடு, நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

உன் அம்மா,
தவமணி