விலைக்குப் பானகம்

ஞாயிறு, ராமநவமி.

இந்த வாரமும் கடையில் பானகம் போகவில்லை. வருகிறவர்கள் லஸ்ஸிதான் கேட்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களை நம்பித்தான் டெல்லி துவாரகாவில் கடை போட்டேன். இந்தக் கோடையிலும் ஓடாவிட்டால் மூடிவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

காலையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி பூஜைக்கு ஒரு டிரம் பானகம் நானே கரைத்துக் கொடுத்தேன். ருசி பார்த்தால் கடைக்கு வருவார்கள் என்று ஒரு நினைப்பு. எல்லோரும் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். மூன்றாம் மாடி விஜயா மாமி, "அமிர்தமா இருக்குடி" என்றார்.

"நம்ம கடையில பாட்டில்லயே கிடைக்கும் மாமி" என்றேன்.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அச்சா! பானகத்தைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாளா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே கட்டட வேலை செய்யும் விழுப்புரத்துக்காரர் ஒருவர் வெயிலில் வாடி வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பானகமா? எவ்ளோக்கா?"

கடை திறந்ததிலிருந்து பானகத்துக்கு விலை கேட்ட முதல் தமிழர். கையைச் சட்டைப் பையிலும் விட்டுவிட்டார்.

"ராமநவமியும் அதுவுமா காசு எதுக்கு? குடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி வீட்டுக்காரர், "இன்னிக்காவது ஏதாவது வித்துதா?" என்று கேட்டார். இந்த நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்துவிட்டேன்.

உள்ளே விளக்கு இன்னும் எரிகிறது. அவர் தூங்கட்டும்.