தங்கையின் எடை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. பேருந்துப் பணிமனையில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது இன்ஜினைத் தனியாகப் பிரிக்க விடுகிறார்கள். தாளின் ஓரத்தில் இருப்பது கிரீஸ் கறைதான், பயப்படாதே.

உன் கடிதம் வந்தது. "மதிப்பிற்குரிய தங்கை அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தாய். உள்ளே வரிக்கு வரி "தாங்கள்" வேறு. நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை. அப்புறம் அம்மா சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

நடந்ததை உங்கள் மருத்துவமனைத் தலைமை மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். நினைவு மீட்கும் மந்திரம் உனக்குக் கைவந்த நாளிலேயே அதன் கூலியும் எங்களுக்குத் தெரியும். ஒருவர் இழந்த நினைவைத் திருப்பித் தர, அதே எடைக்கு உன் நினைவு ஒன்றைத் தராசில் வைக்க வேண்டும். இதுவரை சில்லறையாகக் கொடுத்து வந்தாய்: ஒரு பழைய பல்வலி, பள்ளியில் படித்த பூகோளம். இந்த முறை வந்தவர் விபத்தில் அடிபட்ட லாரி ஓட்டுநர். கட்டிலருகே நின்ற தன் இரண்டு குழந்தைகளைப் பார்த்து, "யாரு இவங்க?" என்று கேட்டிருக்கிறார். தேர்வில் முதலிடம் வந்ததை வைத்தாயாம். முதன்முதலில் கடலைப் பார்த்ததை வைத்தாயாம். தட்டு அசையவில்லை. கடைசியில் என்னை வைத்தாயாம். சமமாகிவிட்டது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அக்கா? ஊரே என்னை ஒல்லிக்குச்சி என்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு ஈடான கனம் எனக்கு உண்டு என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. பணிமனையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "அப்படின்னா இந்த டயரைத் தூக்கு பாப்போம்" என்றார் மேஸ்திரி. தூக்கிக் காட்டினேன்.

உன் மறதியில் எனக்கு லாபமும் உண்டு. உன் நீலச் சால்வை எப்போதுமே என்னுடையதுதான் என்று எழுதப் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா, "பொய் எழுதாதடி, அவ வந்தா கண்டுபிடிச்சிடுவா" என்றாள். "வந்தா" என்னும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

நீ என்னை அடையாளம் தெரியாமல் நின்றால் என் மனம் புண்படுமாம், அதனால் விடுமுறைக்கு வரமாட்டாயாம், இனி அங்கேயே இருந்துவிடுவாயாம். அதுதான் புண்படுத்துகிறது. பழைய படங்களை அனுப்பலாம் என்றார் அப்பா. பரீட்சைக்குப் படிப்பது போல நீ என்னைப் படிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

நான் பிறந்த அன்றும் உனக்கு என்னைத் தெரியாது. "இதுதான்டி உன் தங்கச்சி" என்று அம்மா காட்டினாளாம். ஒரு கேள்வி கேட்காமல் மடியில் வாங்கிக்கொண்டாயாம். இன்னொரு முறை அதைச் செய், போதும். பேருந்து நிலையத்தில் நிற்பேன்.

இனி "வாடி" என்று மட்டுமே அழைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளும்,
உன் தங்கச்சி