இருபத்தைந்து அடி

ஜூன் 9, 2025

இன்றைக்கும் விழுந்தேன். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில், சுந்தரபாண்டியபுரம் பஸ்ஸில் ஏறப்போகும்போது. தூக்கிவிட்ட அம்மாள் என் வாயருகே வந்து மோந்து பார்த்தாள். "பொம்பளப் புள்ள காலைலயே தண்ணி போட்டுட்டு வருதே" என்று பக்கத்து ஆளிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா வீரகேரளம்புதூர் போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.எஸ்.ஐ. சொன்னால் அந்த அம்மாளைத் தேடிக் கிளம்பிவிடுவார். சொல்லவில்லை.

இருபத்து மூன்று வயது எனக்கு. நாலு வருஷமாகக் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. இப்போது கையெழுத்தும் கோழிக் கிறுக்கல்.

ஜூன் 16

சென்னை டாக்டர் கௌரிசங்கர் வீடியோவில் பேசினார். ஒரு புது மருந்தைச் சோதனை செய்யப்போகிறார்கள். என் நோயை எனக்குப் புரிகிற மாதிரி சொன்ன முதல் ஆள் இவர்தான். என் மரபணு ஒன்றில் ஜிஏஏ, ஜிஏஏ என்று மூன்றே எழுத்து எழுநூறு தடவைக்கு மேல் வருகிறதாம். உடம்புக்குள் அதைப் படித்துக்கொண்டே வருகிற இயந்திரம் அந்த இடத்தில் திணறி நின்றுவிடுகிறது. அதற்கப்பால் உள்ள விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே போய்ப் படிக்கத்தான் ஆளில்லை. ஆரியங்காவு மலை ஏற்றத்தில் நின்றுபோன லோடு லாரி என்று நினைத்துக்கொண்டேன். இந்த மருந்து டிஎன்ஏவில் சரியாக அந்த எழுத்துகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு லாரியை மேலே இழுத்துவிடுமாம். எழுத்தைத் திருத்தாது. படிக்க மட்டும் வைக்கும்.

"போன நடை திரும்பி வருமா டாக்டர்?"

"அது தெரியாதும்மா. இருக்கறது போகாம நிக்கலாம். நிக்கலாம்னுதான் சொல்றேன்."

சோதனையில் சேர ரத்தமும் இதயமும் சரியாக இருக்க வேண்டும். யாரையும் எதையும் பிடிக்காமல் இருபத்தைந்து அடி நடந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 17

டேப் பிடித்து அளந்தோம். அடுப்படி வாசலிலிருந்து மோட்டார் ரூம் வரை இருபத்தைந்து அடி. பதினெட்டு விநாடியில் போனேன். அப்பா பரேடு மாதிரி விசில் ஊதினார். கோமாளி.

ஜூலை 22

அப்பாவும் நானும் பொதிகை எக்ஸ்பிரஸில் போய், சென்னையில் நடந்து காட்டினேன். இருபத்தொரு விநாடி. தேறிவிட்டேன்! ரத்தம் எடுத்தார்கள். நாட்டு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 30

என்னைச் சோதனைக்கு எடுக்கவில்லை.

ஈரலில் கோளாறாம். எஸ்ஜிபிடி நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. போனில் சொன்னது ஆசியா அக்கா. டாக்டரிடம் இந்தச் சோதனை வேலைகளைப் பார்க்கிறவர், மேலப்பாளையத்துக்காரர். "பொடி, லேகியம் எதுவும் சாப்ட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி."

என்னத்த யோசிக்க? ஒண்ணும் சாப்பிடலயே நான்.

ஆகஸ்ட் 2

காலையில் அடுப்படிக்குப் போனேன். அம்மா என் சத்துமாவுக் கஞ்சியில் ஒரு டப்பாவிலிருந்து கரும்பச்சைப் பொடியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னம்மா அது?

"குத்தாலத்துல ஒரு வைத்தியர்ட்ட வாங்குனேன்ட்டி. நரம்புக்கு. சித்திரைலருந்து போடுதேன். சொன்னா நீ குடிக்க மாட்டேல்லா?" அகப்பட்டுக்கொண்டவளின் சிரிப்பு.

சித்திரைல இருந்து. ஒரு நாள் விடாம. நானும் வாங்கி வாங்கிக் குடிச்சிருக்கேன். ஏம்மா — ஏம்மா இப்படிச் செஞ்ச?

ஆகஸ்ட் 3

பொடியால்தான் என்று அம்மாவிடம் சொல்லலாமா? அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். ரெண்டு பேரிடமிருந்தும் ஒரே கோளாறு வந்து சேர்ந்ததால்தான் எனக்கு இந்த நோய் என்று டாக்டர்கள் சொன்ன அன்றிலிருந்து இரண்டு மாதம் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "நான் மாமாவக் கட்டியிருக்கக் கூடாது" என்று அப்பா முன்னாலேயே சொன்னாள். இதையும் அவள் தலையில் வைத்தால் தாங்க மாட்டாள்.

இதயத்தில் ஏதோ சந்தேகமாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார்களாம், அதுவரை வேறு மருந்து, பொடி எதுவும் சாப்பிடக் கூடாதாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் அதையேதான். அம்மா டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஆசியா அக்காவுக்கும் டாக்டருக்கும் மட்டும் உண்மை தெரியும்.

ஆகஸ்ட் 17

எங்கள் ஊர்ச் சூரியகாந்திக் காடு முழுக்க ரீல்ஸ் எடுக்கிற கூட்டம். ஒருத்தன், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். அது அவ்வளவு லேசா, தம்பி?

செப்டம்பர் 11

மோட்டார் ரூம் வரை முப்பத்தெட்டு விநாடி.

அக்டோபர் 13

எஸ்ஜிபிடி முப்பத்தாறு. அப்படியென்றால் பொடிதான். ஆசியா அக்கா, "ஒரே ஒரு இடம் இருக்கு. நவம்பர் அஞ்சு. நடந்துருவியா?" என்றார். நடந்துருவேன் என்றேன். பொய் இப்போது தடுமாறாமல் வருகிறது, கால்தான் தடுமாறுகிறது.

அக்டோபர் 20

தீபாவளி. ஐந்து தடவை முயன்றேன். ஒரு தடவைதான் முழுதாகப் போனேன். அதிலும் சுவரைத் தொட்டேனா இல்லையா, எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 5

இந்த முறை அம்மாவும் வந்தாள். பதினேழாவது அடியில் விழுந்தேன். அரை மணி கழித்து இன்னொரு தடவை தந்தார்கள். பதினோரு அடி.

ஜூலைல இதே எடத்துல நடந்த காலுதானே இது?

டாக்டர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "உன் தப்பில்லம்மா" என்றார். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அதனால் பொடிப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

நவம்பர் 21

வீல்சேர் வந்துவிட்டது. வாசற்படி இறங்க அப்பா பலகை அடித்திருக்கிறார்.

பார்க்க வந்த சித்தியிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "சென்னைக்காரங்க பேச்சக் கேட்டு அந்தப் பொடிய நிறுத்துனோம் பாத்துக்க. அதக் குடிச்ச வரைக்கும் புள்ள நடந்தா. நிறுத்துன பெறவுதான் இப்பிடி ஆயிட்டு." தேதி வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதும் சரியாகத்தான் வருகிறது.

என் பக்கம் திரும்பினாள். "நாம நிறுத்திருக்கக் கூடாது. என்னட்டி?"

"ஆமாம்மா. நிறுத்தியிருக்கக் கூடாதுதான்."

இப்போது அடுப்படியில், பரணிலிருந்து டப்பாவை எடுத்துத் தரச் சொல்லி அப்பாவைக் கூப்பிடுகிறாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறார்.