கழுவிய சர்க்கரை

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடியும் பழுப்புக் களிம்பு. மஞ்சள் ஊசிப் படிகங்கள் வரவேண்டிய குடுவையில் ஷூ பாலிஷ் மாதிரி ஏதோ அப்பிக்கொண்டு கிடக்கிறது. சுரண்டக்கூடத் தெம்பில்லை. ஊறவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"இன்னிக்காவது வந்துச்சா?" என்றாள் அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்கிறாள், பாவம். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

ஆய்வகக் கூட்டத்தில் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். நவம்பரில் ஒரே ஒரு தடவை வந்தது, அப்புறம் ஏன் வரவில்லை? கட்டுரையைப் படித்த நடுவர்கள் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறார்கள். மார்ச் முதல் வாரத்துக்குள் காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவார். என் பணி நீட்டிப்பிலும் கையெழுத்து விழாது.

விஷயம் எழுதினால் சுலபம்தான். என் உலோகச் சேர்மத்துக்கு இரண்டு முனை, இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. சும்மா விட்டால் இரண்டிலும் வினை நடந்து எல்லாம் கலந்த குப்பையாகிவிடும். அதற்குத்தான் சர்க்கரை வளையம். ஏழு சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்து வட்டமாக நிற்கும், நடுவில் குழி. சேர்மம் அந்தக் குழிக்குள் ஒரு முனையை நுழைத்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் மட்டும் வினை நடக்கும். நடக்கவேண்டும்!

சர்க்கரையிலேயே ஏதாவது கோளாறு இருக்குமோ என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சர்க்கரையை டொலுவின் என்கிற கரைப்பானை ஊற்றிக் கலக்கி, வடிகட்டி, வெற்றிட அடுப்பில் உலர வைத்தேன். இந்த ஆய்வகத்தில் கழுவாத பொருள் தராசில் ஏறாது. சாரின் வேதவாக்கு. அவர் மாணவராக இருந்த நாளிலிருந்து இப்படித்தானாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

களிம்பு. அழுக்கு போகவில்லை போலிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை கழுவிப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

களிம்பு.

அக்கா வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. அத்தான் உள்ளே போனால் ஒரு யுகம். தட்டினால் சாவகாசமாகப் பதில் வரும்: "உள்ள ஆள் இருக்கு." அது தெரியாமலா தட்டுகிறேன்? பஸ் போய்விட்டது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சார் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ராத்திரி அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "வேற வேலை பாக்கக் கூடாதாடி? மூஞ்சியைப் பாத்தா பயமா இருக்கு." எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இதுவும் தெரியலைன்னு இப்போ ஊரே சொல்லுது.

பிப்ரவரி 23, திங்கள்

மீந்துபோன கழுவிய சர்க்கரையைக் கொட்டிவிடலாம் என்று வெந்நீரில் கரைத்தேன். குப்பென்று தின்னர் வாசனை, டொலுவினேதான். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்து, "யாருடி இங்க பெயின்ட் அடிக்கிறது?" என்றாள்.

உலர்ந்த மாவாகத்தானே இருந்தது? வெற்றிட அடுப்பில் முழு இரவு கிடந்த பொருளில் டொலுவின் எங்கிருந்து வரும்? எங்கே ஒளிந்திருந்தது? மண்டை வலிக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் துண்டும் கையுமாகக் குளியலறை வாசலில் நின்றேன். தட்டினேன். "உள்ள ஆள் இருக்கு."

அப்படியே நின்றுவிட்டேன். சர்க்கரையின் குழிக்குள் டொலுவின் உட்கார்ந்திருக்கிறது! நான் கழுவக் கழுவ அதுதான் உள்ளே போய்க் குடியேறுகிறது. அடுப்பில் வைத்தாலும் நகராது, வெந்நீரில் கரைத்தால்தான் வெளியே வரும். என் சேர்மம் வந்து பார்த்தால் இடமில்லை. வெளியிலேயே நின்று இரண்டு முனையையும் கெடுத்துக்கொள்கிறது.

நவம்பரில் வந்ததே? அன்று அடுப்பு பழுது. சும்மா முன்னோட்டம்தானே என்று கழுவாமல் புட்டியிலிருந்து அப்படியே அள்ளிப் போட்டேன். அட மூதேவி, அதைப் போய் மறந்திருக்கிறேனே.

குளிக்காமலே ஓடினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

மஞ்சள் ஊசிகள். குடுவையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகைதான் வந்தது.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினதுதான் கெடுத்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"கழுவச் சொன்னது நான்."

"ஆமா சார்."

"நாளைக்கு நீ எதையும் தொடாத. நான் போடறேன்."

இப்போதும் நம்பவில்லையா? களைத்துப்போய்விட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

சார் வெள்ளைக் கோட்டு மாட்டி இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். சர்க்கரைப் புட்டியைத் திறந்ததும் அவர் கை தானாக டொலுவின் பக்கம் போனது. நான் டொலுவினைத் தள்ளி வைத்தேன். கழுவாத சர்க்கரையைத் தராசில் கொட்டினார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மார்ச் 2, திங்கள்

அவர் குடுவையிலும் மஞ்சள்.

கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: "சர்க்கரை வளையம் கழுவப்படவில்லை, வாங்கியபடியே பயன்படுத்தப்பட்டது." மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் கிடையாது. அந்தத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. நீட்டிப்பு. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சந்தோஷமா இருக்கா? தெரியல. தூக்கம் வருது.

மார்ச் 3, செவ்வாய்

இன்று அத்தானுக்கு முன்னால் எழுந்து குளியலறைக்குள் போய்விட்டேன். எத்தனை நாளைக்கு அப்புறமோ, தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்படியே நின்றேன். கதவு தட்டப்பட்டது. ஆபீசுக்கு நேரமாச்சு என்று அத்தான் குரல். இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றிக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னேன்:

"உள்ள ஆள் இருக்கு."