அண்ணனுக்குப் பேசிய பெண்

கோவில்பட்டி
9-11-1958

அன்பு மகன் செய்யது அலிக்கு, உன் அம்மா தௌலத் பேகம் ஸலாம் சொல்லி, அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் தர துஆ கேட்டு எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுத ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை நாலு நாள் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு என்ன சுகம்? அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டு நீ பட்டணத்துக்கு ரயிலேறியதிலிருந்து வீடு வீடாக இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. மௌல்மீனிலிருந்து உன் அத்தாவோடு கப்பலேறி வந்த இந்த பர்மாக்காரிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் உன் அண்ணன் ஷம்சுல் ஆலம்தான். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் கொடுத்த அடியையெல்லாம் சாயங்காலம் என் கையில் திருப்பிக் கொடுப்பான், படுவா.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் இறங்கினால் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்த மழையில்தான் அவன் உன்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வருவான். அவனுக்கு முழங்கால் வரை சேறு. உன் காலில் ஒரு பொட்டு இருக்காது. உன்னை யாராவது சப்பை மூக்கன் என்றால் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சண்டை போடுவான். அவனுக்கு அத்தா மூக்கு, உனக்கு என் மூக்கு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஊர் உங்களை ஒன்றுபோலப் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தாவின் தங்கை, உன் மாமி, கடம்பூரிலிருந்து வந்திருந்தாள். அண்ணனுக்குப் பேசி வைத்த அவள் மகள் குல்ஷனை இனி உனக்கு முடிக்க வேண்டுமாம். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நீ வரும்போதே நிச்சயம் பண்ணிவிட்டு, இன்ஜினீயர் படிப்பை நிறுத்தி உன்னை நம் ஜவுளிக்கடையில் உட்கார வைக்க வேண்டுமாம். உன் அத்தாவும் சரி என்றுவிட்டார். துணி எடுக்க வந்த நாகலாபுரத்துச் சோலைச்சாமி அண்ணாச்சியிடம், "சின்னவன் வாரான், இனி அவந்தான் கடையைப் பாப்பான்" என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அழுதாராம். வீட்டில் என் முன்னால் அழவில்லை.

இதே மாமி அண்ணனுக்குப் பேசிய அன்றைக்கு என் அடுப்படியில் நின்று, "பெரியவனுக்குத் தாரேன் மதினி, சின்னவன் மூஞ்சிய எங்க சனம் ஒத்துக்கிடாது" என்றாளே! அன்று ஆகாத மூஞ்சி இன்று எப்படி ஆகிவிட்டது? எனக்கு வந்த கோபத்தில் அவள் டீயில் சீனி போடவில்லை. அவளும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் போனாள்.

கூட வந்திருந்த குல்ஷன் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, சின்னவிய மூஞ்சி உங்கள மாதிரி. ஆனா பேசுனா அப்படியே பெரியவிய குரலு. அந்தக் குரலக் கேட்டுக்கிட்டு நான் எப்படி இந்த வீட்ல இருப்பேன்? வேண்டாம்னு அவியளையே சொல்லச் சொல்லுங்க" என்று அழுதாள். அவள் சொல்லி அவள் அம்மா கேட்கவில்லை.

அதனால் அத்தாவுக்கு நீயே எழுது. படிப்பை விடமாட்டேன், குல்ஷனைக் கட்டமாட்டேன் என்று மரியாதையாக, ஆனால் தெளிவாக எழுது. அவர் கத்துவார், கத்தட்டும். அண்ணன் போனதிலிருந்து மனுஷன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாற்பதுக்கு நீ வர வேண்டாம், என் ராஜா. மாமிக்குப் பயந்து சொல்லவில்லை. வாசலில் நின்று நீ "அம்மா" என்று கூப்பிட்டால், குல்ஷனுக்குக் கேட்கிற அந்தக் குரல்தான் எனக்கும் கேட்கும். அப்புறம் போகாதே என்று உன் சட்டையைப் பிடிக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீ நல்லபடியாகப் படித்து முடிக்க ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
தௌலத் பேகம்