பலெர்மோவில் யார் இருக்கிறார்கள்

4.3.2007, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. நூலகத்திலிருந்து எடுத்த வழிகாட்டிப் புத்தகங்கள் மேசையில்: மோல்ட்டா, கிரீட், சிசிலி. மே மாதம் ஒரு கிழமை, அம்மாவும் நானும் மட்டும். அப்பாவின் லீவு யூலையில், லண்டன் சித்தப்பா மகளின் சாமத்தியச் சடங்குக்கு.

சிசிலிதான். கிரேக்கரும் அரபிகளும் நோர்மானியரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிவைத்த தீவு என்று அப்பாவுக்குச் சொல்லலாம். உண்மையான காரணம், அங்கே எங்களுக்கு ஒரு உறவும் இல்லை.

அம்மா பாரிசுக்கு நாலு தரம் போயிருக்கிறார். பார்த்தது பெரியம்மா வீட்டுக் குசினி. சூரிச்சில் மாமா வீட்டுக் குசினி. இங்கே ஜெர்மனியில், எசனில், வயோதிபர் இல்லத்துக் குசினி, அதில் மட்டும் சம்பளம். ஒரே ஒரு கிழமை யாருக்கும் சமைக்காமல் அம்மா இருக்க வேண்டும்.

6.3, செவ்வாய்

பல் வைத்தியரிடம் டெர்மின். சொத்தை இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் சொன்னேன்.

"சிசிலியோ? அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

கேலி இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. அம்மா கோப்பை கழுவினார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

9.3, வெள்ளி

வெயில். நான் வேலை செய்யும் புத்தகக் கடையில் சனம் இல்லை. பார்க்க வேண்டியவை:

– மொன்ரியாலே தேவாலயம், தங்கப் பின்னணியில் கல் பதித்த சுவர் ஓவியம்
– திராபனி உப்பளம்
– செகெஸ்தா கோயில். குன்றின்மேல் தனியாக. கூரை போடாமலே விட்டுவிட்டார்களாம்.
– ஒன்றும் பார்க்காமல் ஒரு நாள்

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் சின்ன ஹோட்டல் ஒன்று பிடித்திருக்கிறது. பல்கனி உண்டு. காலைச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. திங்கள் வரை அறையைப் பிடித்து வைப்பார்கள்.

11.3, ஞாயிறு

அப்பா வென்றுவிட்டார்.

பாரிசுக்கு இரண்டு போன் கோல், சூரிச்சுக்கு ஒன்று. கடைசியில் பெரியம்மாவின் மருமகனுடைய மச்சாள் பலெர்மோவிலேயே இருக்கிறாவாம். பேர் சறோ. பதினாலு வருசமாக அங்கே வீடுகள் துப்புரவாக்கும் வேலை. தனி ஆள்.

"றூம் ஒண்டு ஒதுக்கியாச்சாம். ஹோட்டலை விடுங்கோ. எங்கட சனம் இருக்கேக்க ஹோட்டலிலை நிண்டால் என்ன நினைப்பினம்?"

அந்தத் தீவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேராம். கடைகூட இருக்கிறதாம். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு படித்த எனக்கு இது தெரியவில்லை.

அம்மா உடனே கடதாசித் துண்டு எடுத்து, கொண்டுபோக வேண்டியதை எழுதினார்: மிளகாய்த்தூள், அரிசிமா, மாசிக்கருவாடு. அந்தப் பட்டியலைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு.

12.3, திங்கள்

ஹோட்டலிடம் புதன் வரை கேட்டேன். சரி என்றார்கள்.

பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஒரு கிழமை சமைக்காமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் என்று.

"சமைக்காமல் நான் அங்கை என்ன செய்யிறது, பிள்ளை?"

அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்திநாலு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

13.3, செவ்வாய்

குளிர் திரும்பிவிட்டது. வேலையால் வந்தபோது அம்மா சோபாவில், கையில் சிசிலிப் புத்தகம். ஜெர்மன் எழுத்து அவருக்கு மெதுவாகத்தான். படங்களில் விரல்.

"இந்தக் கோயிலிலை என்ன சாமி?"

"ஒரு சாமியும் இல்லை அம்மா. கட்டி முடிக்கவே இல்லை."

"கும்பாபிஷேகம் நடக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஐயரும் இல்லை, மடப்பள்ளியும் இல்லை." தனக்குள் சிரித்தார். "நல்ல கோயில்."

பிறகு கேட்டார், அந்தக் குன்றில் ஏறி நிற்கக் கடல் தெரியுமா என்று. தெரியும் என்று நினைக்கிறேன் என்றேன். சரியாகப் பார்க்க வேண்டும்.

14.3, புதன்

ஹோட்டல் தந்த கடைசி நாள் இன்று. ஆறு மணிக்கு அம்மா தானாகவே பலெர்மோவுக்குப் போன் எடுத்தார். அப்பா செய்தி பார்ப்பதுபோல் இருந்தார். சத்தத்தைக் குறைத்ததை நான் கண்டேன்.

பத்து நிமிடம் ஊர்க் கதை. பிறகு:

"சறோ, நீங்கள் செகெஸ்தா பாத்தனீங்களோ?"

அந்தப் பக்கம் நீளமான பதில்.

"பதினாலு வருசமாப் பாக்கேல்லையோ? ஞாயிறு லீவு எண்டீங்கள். ஓ, அண்டைக்குத்தான் கிழமைக்கெல்லாம் சமைச்சு வைக்கிறதோ." கொஞ்ச நேரம் கேட்டார். "அப்ப அந்த ஞாயிறு சமைக்காதேங்கோ. எங்களுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நாங்கள் ஹோட்டலிலை நிக்கிறம். மகள் கார் ஓடுவா. காலமை வந்து உங்களை ஏத்திறம்."

வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"கோவிச்சவவோ?" என்றார் அப்பா.

"இல்லை. அழுதவ."

அப்பா சத்தத்தைக் கூட்டினார். நான் அறையை உறுதிப்படுத்தி எழுதினேன். இரண்டு கட்டில், பல்கனிப் பக்கம்.

16.3, வெள்ளி

உர்லாப், மே மாத லீவு, கிடைத்துவிட்டது, முதலாளியின் கையெழுத்தோடு. மகிழ்ச்சியில் ஒரு வாடிக்கையாளருக்குத் தவறான அட்லஸ் கொடுத்தேன்.

சறோ அன்ரி இன்று அம்மாவுக்குப் போன் எடுத்தாவாம். கோயிலுக்கு என்ன சேலை கட்டுவது என்று கேட்டாவாம்.

"சேலை வேண்டாம் எண்டனான்," என்றார் அம்மா. "மலை ஏறவேணும், நல்ல நடக்கிற சப்பாத்தாப் போட்டுக்கொண்டு வரச் சொன்னனான்."

அம்மாவிடம் அப்படி ஒரு சப்பாத்து இல்லை. நாளை சனி. பத்து மணிக்குச் சப்பாத்துக் கடை திறக்கும்.